தாவரங்கள் வரட்சியைத் தாங்கும் வகை
(கமக்காரர் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



வைகாசி தொடக்கம் புரட்டாதி வரை வடக்கிற் சோளகமும் கிழக்கிற் கச்சானும் வீசுங் காலத்தில் எமது உலர்வலயம் எவ்வாறு காய்கின்றது என்பதை நான் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. மாரிமழையும் பொய்த்துவிடின் நிலைமை இன்னும் கொடிதாகும். 2016 ஆம் ஆண்டின் இறுதியில் அவ்வாறு நிகழ்ந்தமையால், 2016/2017 காலபோகத்திற் பல குளங்களின் கீழிருந்த வயல்கள் விதைக்கப்படாமலே கிடந்தன. மழையை வருவிக்க எம்மால் இயலாது. ஆயினும், நீர் குறைந்தவிடத்துத் தாவரம் என்ன செய்கின்றது என்பதை அறிந்துகொண்டால், கையிலுள்ள நீரை எப்பயிருக்கு எப்பொழுது கொடுப்பது என்பதைத் தெளிவாகத் தீர்மானிக்கலாம்.

நீருக்கும் உணவுக்கும் வாயில் ஒன்றே

வேர் உறிஞ்சும் 100 பங்கு நீரில் 95 பங்குக்கு மேற்பட்டது இலைகள் வழியே ஆவியாகிச் செல்கின்றது. இலையிலுள்ள நுண்ணிய துளைகளாகிய இலைவாய்களே அதற்கு வழியாகும். உணவாக்கத்துக்கு வேண்டிய காபனீரொட்சைட்டு வாயு உட்புகுவதும் இதே துளைகளினூடாகவே. மண் உலரத் தொடங்கியதும் தாவரத்துள் அப்சிசிக்கமிலம் என்னும் பொருள் மிகுந்து, இலைவாய்களை மூடச் செய்கின்றது. நீர் மிஞ்சுகின்றது, ஆனால் உணவாக்கமும் குன்றுகின்றது. ஆகவே, வரட்சியில் உயிர் பிழைத்த பயிர் யாவும் நல்ல விளைவு தருமென எண்ணுதல் தவறாகும்.

மரங்கள் காட்டும் வழிகள்

எமது காடுகளையும் வேலிகளையும் உற்று நோக்குங்கள். முதிரை மரம் வரண்ட காலத்தில் இலைகளை உதிர்த்துச் செலவைக் குறைக்கின்றது. பாலை மரமோ இலையுதிர்ப்பதில்லை. அதன் தடித்த, தோல் போன்ற இலைகள் நீரை எளிதில் விடுவதில்லை. முருங்கை தடித்த வேரில் நீரையும் உணவையும் சேமித்து வைத்து, மழை கண்டதும் மீண்டும் தளிர்க்கின்றது. நாகதாளியும் அன்னாசியும் பகலில் இலைவாய்களை மூடி, குளிர்ந்த இரவிலே திறந்து வாயுவைப் பெற்றுச் சேமித்துக்கொள்கின்றன.

பனையின் முறை தனிச் சிறப்புடையது. பனம்பாத்தி இட்டவர் யாவரும் அறிவர்: கொட்டையிலிருந்து வெளிப்படும் முளை முதலில் மேலெழாது, நிலத்துள் இறங்குகின்றது. ஆழத்திற் கிழங்கு திரண்ட பின்னரே இலை வெளிவருகின்றது. முதலில் வேர், பின்னர் இலை என்பதே அதன் ஒழுங்கு.

பயறும் எள்ளும் வேறொரு வழியைக் கைக்கொள்கின்றன. மண்ணில் ஈரம் தீருமுன் பூத்துக் காய்த்துத் தம் வாழ்வை முடித்துக்கொள்வதே அவ்வழியாகும். பயறு ஏறத்தாழ இரண்டு மாதங்களில் விளைந்துவிடும். இரண்டரை மாத நெல்லினமாகிய பீஜி 250 நீர் குறைந்த போகத்துக்கு ஏற்றதாயிருப்பதும் இக்காரணத்தினாலேயாம்.

நெல்லும் மரக்கறியும்

நெல்லுக்கு இத்தகைய வல்லமை குறைவு. அதன் வேர்களிற் பெரும்பகுதி ஓரடி ஆழத்துக்குள்ளேயே நின்றுவிடுகின்றது. நீர் குறைந்தால் அதன் இலைகள் குழல்போற் சுருளும். நண்பகலிற் சுருண்ட இலை மறுநாட் காலையில் விரிந்திருப்பின் அஃது எச்சரிக்கை மாத்திரமே. காலையிலும் சுருண்டே இருப்பின் பயிர் பெருந்துன்பத்தில் உள்ளது என்று அறிக. கத்தரி, பூசணி முதலியவற்றின் வாட்டத்தையும் இவ்வாறே காலையிற் பார்த்து மதிப்பிடல் வேண்டும்.

இளம் பயிர் சில நாள் வாடினாலும் நீர் கண்டதும் ஓரளவு தேறும். குடலைப் பருவத்திலும் பூக்கும் வேளையிலும் நெல் வாடினாலோ, மணி பிடியாது சப்பியே மிஞ்சும். பின்னர் எவ்வளவு நீர் பாய்ச்சினும் அவ்விழப்பை மீட்க இயலாது. நெல் பூப்பது அறுவடைக்கு ஏறத்தாழ 30 நாட்களின் முன்னராகும். மூன்று மாத நெல்லை விதைத்தவர் 60 ஆம் நாளை முன்னரே கணித்து, அவ்வேளைக்கென நீரை ஒதுக்கி வைத்தல் வேண்டும். மிளகாயும் தக்காளியும் பூக்குங்கால் நீரின்றேல் பூவை உதிர்த்துவிடும்.

நீங்கள் செய்யத் தக்கவை

1. உள்ள நீர் முழுவதற்கும் போதாதெனின், எல்லாப் பாத்திகளுக்கும் சிறிது சிறிதாகப் பகிராதீர்கள். பூக்கும் பயிருக்கும் காய் பிடிக்கும் பயிருக்கும் முதலிடம் கொடுங்கள்.

2. ஈரம் உள்ளபோதே களைகளை அகற்றுங்கள். களை குடிக்கும் நீர் உங்கள் பயிரின் நீரே.

3. மிளகாய், கத்தரி, தக்காளிப் பாத்திகளை வைக்கோலினாலோ இலைதழையினாலோ மூடுங்கள். மாலையில் அல்லது அதிகாலையில் நீர் இறையுங்கள்.

4. நாற்றுகளைப் பிடுங்குவதற்குச் சில நாட்களின் முன் நீரைப் படிப்படியாகக் குறைத்து, அவற்றை உரப்படுத்துங்கள்.

5. காய்ந்த மண்ணில் யூரியா இடாதீர்கள். ஈரமின்றேல் பயிர் அதனைப் பெறமாட்டாது, உரமும் வீணாகும்.

6. குடாநாட்டுக் கிணறுகளில் அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர்நீர் மேலேறும். ஒரு போகத்தைக் காக்கச் சென்று கிணற்றையே இழந்துவிடாதீர்கள்.

கூடிச் செய்ய வேண்டியது

குளத்து நீர் குறைந்த ஆண்டுகளில், குளத்துக்கு அண்மையிலுள்ள வயலின் ஒரு பகுதியை மாத்திரம் விதைத்து, அப்பகுதியைக் காணிக்காரர் யாவரும் அப்போகத்துக்குப் பங்கிட்டுக்கொள்ளும் ‘பெத்ம’ முறை இந்நாட்டிற் பழமையானது. வரட்சியில் மரம் சில இலைகளை விட்டுக் கொழுந்தைக் காப்பதற்கு இஃது ஒப்பாகும். தனியொருவர் தம் வயல் முழுவதையும் விதைத்துவிட்டு, குடலைப் பருவத்தில் நீருக்காக அயலவருடன் வழக்காடுவதிலும், கால்வாசி நிலத்தை எல்லோருமாக விளைவிப்பது மேலன்றோ?

ஆனால் இத்தீர்மானம் விதைப்புக்கு முன்னரே எடுக்கப்படல் வேண்டும். போகத் தொடக்கத்தில் நடைபெறும் கூட்டத்துக்குத் தவறாது செல்லுங்கள். குளத்தில் எவ்வளவு நீர் உண்டு, அஃது எத்தனை ஏக்கருக்கு எத்தனை நாட்களுக்குப் போதும் என்று வினவுங்கள். வயலாக விதைக்க நீர் போதாதவிடத்துப் பயறோ, எள்ளோ, குரக்கனோ இடுவது பற்றி உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியருடனும் கமநல சேவை நிலையத்துடனும் கலந்து பேசுங்கள். விதை நிலத்தில் வீழ்ந்த பின்னர் மாற்ற முடியாதவற்றை, விதை கையிலிருக்கும்போதே ஆராய்ந்து முடிவு செய்வீர்களாக.