எழுதியவளே இயக்கட்டும்

(உத்திரமேரூர் வட்டார ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

என் தவறு ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன்.

சென்ற ஆண்டு எங்கள் பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி நாடகம் எழுதித் தந்தாள். ஊர் ஏரியைத் தூர்வாரும் கதை. நன்றாக இருந்தது. நடிப்பவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது யார் என்ற பேச்சு வந்தபோது, யோசிக்காமல் ஒரு மாணவனைக் கைகாட்டிவிட்டேன். அவள் எதுவும் சொல்லவில்லை. ஒத்திகைக்கு மட்டும் வரவில்லை.

பிறகு, மாணவர்களுக்குத் திரைப்படம் காட்டும் நாளில் பேசுவதற்காகத் தமிழ் சினிமாவின் தொடக்க காலம் பற்றிக் குறிப்பெடுத்தேன். 1931 அக்டோபர் 31 அன்று வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’. அதன் கதாநாயகி டி. பி. ராஜலட்சுமி. பொது அறிவு வினாவில் இதோடு நிறுத்திவிடுகிறோம். அவரது கதை அதோடு முடியவில்லை.

1911இல் திருவையாற்றில் பிறந்தவர். சிறுமியாக இருந்தபோதே திருமணம் செய்துவைத்தார்கள், அது நிலைக்கவில்லை. பெண் வேடத்தையும் பெரும்பாலும் ஆண்களே கட்டிய காலத்தில் நாடக மேடை ஏறினார். பேசும்படத்தில் புகழ் பெற்றார். ‘கமலவல்லி’ என்று நாவல் எழுதினார். அதையே 1936இல் ‘மிஸ் கமலா’ என்ற படமாக்கினார். திரைக்கதை, இயக்கம், தயாரிப்பு, நடிப்பு எல்லாம் அவரே. தமிழின் முதல் பெண் இயக்குநர் அவர்தான்.

உலகத்திலும் இப்படித்தான். பிரான்சில் 1896லேயே ஆலிஸ் கீ படம் எடுத்தார். ஹாலிவுட்டில் மௌனப்பட காலத்தில் லோயிஸ் வெபர் தாமே எழுதி இயக்கினார். பம்பாயில் 1926இல் பாத்மா பேகம் இயக்கினார். சினிமா பிறந்தபோதே பெண்கள் அங்கே இருந்தார்கள். பின்னால் வந்தவர்கள்தான் அவர்களை மறந்தார்கள்.

நம் ஊர்க் கோயில் சுவரில் குடவோலைக் கல்வெட்டு ஆயிரத்து நூறு ஆண்டுகளாக நிற்கிறது. ‘காளிதாஸ்’ படச்சுருளோ இன்று இல்லை. கல்லில் வெட்டாததை நாம்தான் வகுப்பறையில் சொல்லி நிலைக்கவைக்க வேண்டும்.

இதைப் படித்த மறுநாளே அந்த மாணவியை அழைத்து, “போன முறை நான் செய்தது சரியில்லைம்மா” என்றேன். சற்று நேரம் தலைகுனிந்து நின்றவள், “இந்த வருசம் எழுதினா நானே சொல்லித் தரலாமா மிஸ்?” என்று கேட்டாள். இந்த ஆண்டு அவளே எழுதினாள், அவளே இயக்கினாள். அன்று நான் கைகாட்டிய மாணவன் ஏரிக்கரைக் காவலாளியாக நடித்தான். வசனத்தை அவன் விழுங்கியபோதெல்லாம், “மறுபடி சொல்லு” என்று அவள் நிறுத்தியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆசிரியர்களே, கலைத் திருவிழாவுக்குப் பெயர் எழுதும்போது ஒரு நிமிடம் பேனாவை நிறுத்துங்கள். கோலம் போடவும் குத்துவிளக்கு ஏற்றவும் மட்டும் மாணவிகளைத் தேடாதீர்கள். கதை எழுதியவள் இயக்கவும் விரும்புகிறாளா என்று கேளுங்கள்.