குழந்தையின் சோறு யார் பொறுப்பு?

தர்ம ஸ்தாபனங்கள் இருக்கும்போது சர்க்கார் எதற்குச் செலவு செய்யவேண்டும் என்று சில கனவான்கள் கேட்கிறார்கள். பள்ளிக்கூடச் சோற்றின் கதையே அவர்களுக்குப் பதில்.

1956-ல், காமராஜர் ஆட்சியில், நமது மாகாணத்தில் பகலுணவு ஊரார் நன்கொடையில்தான் தொடங்கியது. கொடுத்த கைகளுக்கு வணக்கம். ஆனால் நன்கொடை விளைச்சலைப் பார்த்து வரும். மழை பொய்த்த ஊரில்தான் குழந்தைக்குப் பசி அதிகம். அங்கேதான் கொடுப்பதற்கு ஆளிராது. ஆகவே 1957-லேயே சர்க்காரும் பணம் போடவேண்டி வந்தது. 1982-ல் சத்துணவு வந்தபோது கஜானாவே பாரத்தைச் சுமந்தது.

பிற மாகாணங்களில்? 2001-ல் களஞ்சியங்களில் தானியம் குவிந்து கிடந்தது. ராஜஸ்தானில் மக்கள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் என்ற தொண்டு அமைப்பு சுப்ரீம் கோர்ட்டில் வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு நவம்பர் 28-ல் ஆணை பிறந்தது: நாடெங்கும் சர்க்கார், உதவி பெறும் ஆரம்பப் பள்ளிகளில், ஆண்டுக்குக் குறைந்தது 200 நாள், சமைத்த சோறு போடவேண்டும். 2013-ல் அது சட்டமாகவே ஆயிற்று. சர்க்காரைக் கடமை செய்ய வைத்ததே அந்த அமைப்பு செய்த பெரிய தொண்டு.

தோழர்களே! நன்கொடை நின்றால் யாரிடம் போய்க் கேட்பீர்கள்? சர்க்கார் சோறு நின்றால் கலெக்டர் ஆபீஸ் வாசலில் நின்று கேட்கலாம். தீப்பெட்டிக்கும் துணிக்கும் வரி கட்டுகிறவர்கள் நாம். அது நம் பணம்.

கொடுக்கிறவர் கொடுக்கட்டும். சர்க்கார் பொறுப்பைத் தர்மத்தின் தலையில் கட்ட விடாதீர்கள்! உங்கள் ஊர்ப் பள்ளியில் சோறு ஒழுங்காக வருகிறதா? நாளைக்கே போய்ப் பாருங்கள். குறையிருந்தால் சங்கமாகத் திரண்டு கேளுங்கள்!