ஒரு தூணில் இரண்டு கயிறு
(பழைய மாணவர் கூடுகையில் ஆற்றிய உரை)



இங்கே இயற்பியல் படித்துவிட்டுக் கப்பலுக்குப் போனவன் நான். "கடல்ல என்னப்பா கத்துக்கிட்டே?" என்று கேட்டால், கயிறு மாட்டுவதைத்தான் முதலில் சொல்வேன்.

துறைமுக மேடையில் குட்டையான இரும்புத் தூண்கள் நிற்கும். போலார்டு என்போம். கப்பல் கயிற்றின் நுனியிலுள்ள கண்ணியை அதில் மாட்டுவார்கள். முன்னால் நிற்கும் கப்பலின் பின்கயிறும், பின்னால் நிற்கும் கப்பலின் முன்கயிறும் பல நேரம் ஒரே தூணுக்குத்தான் வரும்.

பயிற்சிக் காலத்தில் ஒரு சிறு துறைமுகத்தில் நானே கரையிறங்கிக் கயிறு மாட்டினேன். அடுத்த கப்பலின் கண்ணி ஏற்கெனவே கிடந்தது. அதன்மேல் எங்கள் கண்ணியைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். நள்ளிரவில் அவர்கள் புறப்பட வேண்டும். அவர்கள் கண்ணி அடியில். மேலே எங்கள் கயிறு, காற்றில் விறைத்து நிற்கிறது. அதைக் கடப்பாரையால் நெம்பிய அவர்களுடைய மாலுமி ஒருவருக்கு இரண்டு விரல் நசுங்கிவிட்டது. அந்த அலறல் இன்னும் என் காதில் இருக்கிறது.

காலையில் எங்கள் போசன் திட்டவில்லை. தூணருகே கூட்டிப்போய், "தம்பி, இப்படிச் செய்" என்று காட்டினார். நம் கண்ணியை அடுத்தவர் கண்ணிக்குள் கீழிருந்து மேலாக நுழைத்து எடுத்து, பிறகு தூணில் மாட்ட வேண்டும். அவ்வளவுதான்! அவர்கள் முதலில் போனால், தங்கள் கயிற்றைத் தளர்த்தி, கண்ணியை நம் கண்ணி வழியாக மேலே தூக்கித் தூணின் தலையைத் தாண்டிக் கழற்றிக்கொள்வார்கள். நம் கயிறு அசையாது. நாம் முதலில் போனாலும் அப்படியே. மூன்றாவது கயிறு வந்தால் இரண்டு கண்ணிகளுக்குள்ளும் நுழைய வேண்டும்.

இன்னொன்று. விறைத்த கயிற்றின் போக்கில் நிற்காதீர்கள். நைலான் கயிறு இழுபட்டு அறுந்தால் சாட்டையாகத் திரும்பி அடிக்கும். மீள்விசை என்று இங்கே கரும்பலகையில் படித்தோமே, அதேதான். கயிறு கட்டும் பாதுகாப்புக்கென்றே சோலாஸ் உடன்படிக்கையில் திருத்திய விதிகள் 2024 ஜனவரி 1 முதல் அமலில் உள்ளன.

மாணவத் தம்பி தங்கைகளே, எனக்கு அன்று மிச்சமானது அரை நிமிடம். அடுத்தவருக்குப் போனது இரண்டு விரல். எங்கே வேலைக்குப் போனாலும், உங்களுக்குப் பின் வருகிறவர் எப்படிக் கழற்றுவார் என்று ஒரு கணம் நினைத்துவிட்டு மாட்டுங்கள்.