விருந்தாளி யார் வீட்டுக்கு வருகிறார்?

மாலத்தீவின் சுற்றுலா என்றதும் எல்லோரும் ஒரே கணக்கைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். 2009இல் அங்கே போன வெளிநாட்டுப் பயணிகள் ஆறரை லட்சம். 2019இல் 17 லட்சம். சொந்த மக்கள் நான்கு லட்சம்கூட இல்லாத நாட்டுக்கு இது பெருங்கூட்டம்தான். ஆனால் தலையை எண்ணியதும் கணக்கு முடிந்துவிடுமா? வந்தவர் யார் வீட்டில் தங்கினார், அவர் கொடுத்த காசு யார் பெட்டிக்குள் போனது என்ற கேள்வி நிற்கிறதே! அந்தப் பத்தாண்டின் உண்மையான சண்டை அதைச் சுற்றித்தான் நடந்தது.

1972இல் தலைநகர் மாலேக்குப் பக்கத்தில் குரும்பா என்ற முதல் ரிசார்ட் திறந்தது. பிறகு நாடு ஒரு விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது: ஒரு தீவுக்கு ஒரு ரிசார்ட், அதுவும் குடியில்லாத தீவில் மட்டும். ஏறத்தாழ 1,200 தீவுகளில் மக்கள் குடியிருப்பவை இருநூறுக்கும் குறைவு. மற்றவற்றில் நல்ல தீவுகளாகப் பார்த்து அரசு குத்தகைக்கு விட்டது. மாலேயின் வசதி படைத்தவர்களும் வெளிநாட்டுக் கம்பெனிகளும் எடுத்துக்கொண்டார்கள். 1980களில் ஊர்த் தீவுகளில் வெளிநாட்டார் தங்குவதற்கே வழி அடைக்கப்பட்டது. பண்பாட்டைக் காப்பதற்காக என்றார்கள். விளைவு என்ன? பயணி விமானத்தை விட்டு இறங்குவார், படகேறி ரிசார்ட்டுக்குப் போவார், வந்த வழியே திரும்பிவிடுவார். தமிழ்நாட்டின் தெற்குக்கும் யாழ்ப்பாணத்துக்கும் சம்பலுக்கு மாசிக் கருவாடு அனுப்பிய மாலத்தீவு மீனவர்கள், எதிர்த் தீவில் எரியும் விளக்கை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வரியையும் கேளுங்கள். அன்றைய படுக்கை வரி ஓர் இரவுக்கு 8 டாலர். வாடகை நூறு டாலரானாலும் அதே எட்டு. தண்ணீர்மேல் கட்டிய மாளிகைக்கு இரண்டாயிரம் டாலர் வாங்கினாலும் அதே எட்டு! ஒரு நாட்டின் கடலையும் மணலையும் விற்றுச் சம்பாதிப்பவரிடம் அந்த நாடு இவ்வளவுதானா கேட்பது?

இந்தப் பழைய ஏற்பாட்டை உடைத்தது மக்களின் கோபம். காஃபு பவளத் தீவுக்கூட்டத்தில் மாஃபுஷி என்றொரு தீவு இருக்கிறது. நாடறிந்த சிறைச்சாலை அங்கேதான். 2003இல் அந்தச் சிறையில் ஓர் இளம் கைதி அடித்துக் கொல்லப்பட்டபோது மாலே கொந்தளித்தது. அந்தக் கொந்தளிப்பு கட்சிகளைப் பெற்றது, புதிய அரசியல் சட்டத்தைப் பெற்றது. 2008இல் முதல் பலகட்சி அதிபர் தேர்தலில் முப்பதாண்டு ஆண்ட கயூம் தோற்றார். முகமது நஷீத் வென்றார். அடுத்த ஈராண்டுக்குள் ஊர்த் தீவுகளில் கெஸ்ட்ஹவுஸ் நடத்தும் கதவு திறந்தது. அதில் முந்திக்கொண்ட ஊர்களில் ஒன்று அதே மாஃபுஷி! சிறைக்குப் பெயர்போன தீவு, சொந்த வீட்டின் மாடியில் அறை கட்டி விருந்தாளியை வரவேற்கும் தீவானது.

பத்தாண்டு முடிவதற்குள் நாட்டில் கெஸ்ட்ஹவுஸ்கள் ஐந்நூறைத் தொட்டன. தர்ப்பூசணி விளையும் தோட்டு, திமிங்கலச் சுறாவைக் காட்டும் திகுரா, அலைச்சறுக்கு ஆடுபவர்கள் தேடிவரும் துலுஸ்தூ என்று ஊர்ப் பெயர்களை உலகம் படித்தது. ரிசார்ட்டில் தங்க வசதியில்லாத ஆசிரியரும் மாணவரும்கூட மாலத்தீவைப் பார்த்தார்கள். குடும்பத்தை விட்டு ரிசார்ட் வேலைக்குப் போக முடியாத பெண்களுக்கு, நடந்துபோகும் தூரத்தில் சமையலும் கணக்கும் வரவேற்பும் வேலையாகின. ஊர்ப் பண்பாடு கெட்டுவிடும் என்று பயமுறுத்தினார்களே, என்ன நடந்தது? ஊர்த் தீவில் மது கிடையாது. நீச்சலுடைக்குத் தனிக் கடற்கரை ஒதுக்கினார்கள். தொழுகையும் பள்ளிக்கூடமும் நடக்கின்றன. ஊர்க்காரர்களே விதி வகுத்துக்கொண்டார்கள். மாஃபுஷியில் இன்று கட்டடம் நெருக்குகிறது, குப்பை சேர்கிறது என்பதும் உண்மை. அதைச் சீர்செய்யும் உரிமையும் பணமும் அந்த ஊருக்கே வேண்டும்.

வரியிலும் நியாயம் மெல்ல வந்தது. 2011இல் சுற்றுலா வருமானத்தின்மேல் 3.5 சதவீத வரி. 2014 நவம்பரில் அது 12 சதவீதம். எட்டு டாலர் கணக்கு ஒழிந்தது.

ஆனால் இதே பத்தாண்டின் நடுவில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அது துரோகம். சுற்றுலாவை விளம்பரம் செய்வதற்கென்று இருந்த அரசு நிறுவனத்தின் வழியே, 2014லும் 2015லும் ஐம்பதுக்கும் மேற்பட்ட தீவுகளும் களப்புகளும் முறையான ஏலமின்றிக் கைமாறின. ஏறத்தாழ 8 கோடி டாலர் சூறையாடப்பட்டதைத் தணிக்கை அறிக்கை 2016இல் வெளிக்கொண்டுவந்தது. சுற்றுலா அமைச்சராக இருந்து துணை அதிபரான அகமது அதீபுக்கு 2020இல் 20 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு தீவை மறைவில் கைமாற்றுவது பணத்திருட்டு மட்டுமல்ல. அங்கே தேங்காய் பறித்தவர், மீனுக்கு இரை பிடித்தவர், ஓய்வெடுத்தவர் என்று எத்தனையோ பேரின் உரிமை சேர்ந்தல்லவா போகிறது!

கடலும் கணக்குக் கேட்டது. 2016இல் வெப்பம் ஏறி, ஆய்வு செய்த பவளங்களில் ஏறத்தாழ 60 சதவீதம் வெளுத்தன. அலையை முறிக்கும் பவளம் போனால் தீவுக்குக் காவல் ஏது? அதைப் பார்த்த பிறகும் 2017இல், வடக்கே குளுதுஃபுஷியில், விமான நிலையத்துக்காக அலையாத்திக் காட்டை மண்ணடித்து மூடினார்கள். அந்தக் காட்டின் சேற்றில்தான் பெண்கள் தலைமுறை தலைமுறையாகத் தேங்காய் மட்டையை ஊறவைத்துக் கயிறு திரித்துப் பிழைத்தார்கள். 2019இல் ஓடுபாதை வந்தது. கயிறு திரித்த கைகளுக்கு அந்தச் சேறு திரும்பக் கிடைக்கவில்லை.

2019 டிசம்பரில் சட்டம் திருத்தி, அரசு வருவாயில் குறைந்தது 5 சதவீதத்தைத் தீவு மன்றங்களுக்கும், மன்ற இடங்களில் மூன்றில் ஒன்றைப் பெண்களுக்கும் கொடுத்தார்கள். போராடிப் பெற்ற இந்தப் பிடியை விடக்கூடாது. இனி எந்தத் தீவையும் களப்பையும் குத்தகைக்கு விடுவதானால் பகிரங்க ஏலம் வேண்டும்; பக்கத்து ஊர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்; ஒப்பந்தம் ஊரார் கண்முன் கிடக்க வேண்டும்.

2019இல் இந்தியாவிலிருந்து மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே போனார்கள். அடுத்த விடுமுறைக்கு மாலேக்கு டிக்கெட் போடவிருப்பவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். அறைக்கு முன்பணம் அனுப்பும் முன், அந்தக் கெஸ்ட்ஹவுஸ் அந்தத் தீவுக்காரருடையதுதானா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். இல்லையென்றால் அடுத்த வீட்டு எண்ணை வாங்குங்கள்.