எட்ஜ்வுட் பள்ளிகளும் சொத்துவரியும்

(அரசியல் வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



அமெரிக்காவின் 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, அந்நாட்டு அரசு ‘ஹிஸ்பானிக்’ என வகைப்படுத்தும் மக்கள் 6 கோடியே 21 லட்சம் பேர், மொத்தத்தில் 18.7 விழுக்காடு. பெரும்பாலோர் மெக்சிகோ உள்ளிட்ட லத்தீன் அமெரிக்க நாடுகளின் வம்சாவளியினர். டெக்சாஸ், கலிபோர்னியா அரசுப் பள்ளிகளிலோ மாணவரில் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. இவ்வளர்ச்சியை முதலாளித்துவ ஊடகங்கள் மொழிச் சிக்கலாகவும் எல்லைச் சிக்கலாகவும் சித்திரிக்கின்றன. (அவ்விரு மாநிலங்களும் ஒரு காலத்தில் மெக்சிகோவின் பகுதிகள் என்பது வசதியாக மறக்கப்படுகிறது.) பள்ளிக்கூடம் யார் பணத்தில் நடக்கிறது என்ற கேள்வி அரிதாகவே எழுகிறது.

டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட் என்னும் பள்ளி மாவட்டம் உள்ளது. 1968இல் அங்கு பயின்றோரில் பத்தில் ஒன்பது பேர் மெக்சிகோ வம்சாவளியினர். அவ்வாண்டு மே மாதம், சிதைந்த கட்டடங்களையும் தகுதிபெற்ற ஆசிரியர் இன்மையையும் கண்டித்து, உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் வகுப்புகளைப் புறக்கணித்து வீதிக்கு வந்தனர். தொடர்ந்து, டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற உலோகத் தகட்டுத் தொழிலாளியும் பிற பெற்றோரும் வழக்குத் தொடுத்தனர்.

அமெரிக்கப் பள்ளிகள் பெரிதும் உள்ளூர்ச் சொத்துவரியை நம்பியிருப்பவை. எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி செலுத்தினர். அதிலிருந்து மாணவர் ஒருவருக்குக் கிடைத்தது 26 டாலர். அதே நகரின் செல்வந்தர் பகுதியான அலமோ ஹைட்ஸில் வரி 85 சென்ட். கிடைத்ததோ 333 டாலர். குறைந்த கூலி பெறுவோரின் வீடுகளுக்கு மதிப்பும் குறைவு. ஆகவே ஏழைகள் கூடுதல் விகிதத்தில் வரி கட்டியும் வறிய பள்ளிகளையே பெற்றனர். இவ்வழக்கை 1973இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பெரும்பான்மையில் தள்ளுபடி செய்தது. கல்வி அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் உறுதிசெய்யும் அடிப்படை உரிமை அன்று என்பது தீர்ப்பு!

டெக்சாஸ் அரசு இத்துடன் நிற்கவில்லை. குடியேற்ற ஆவணமற்ற குழந்தைகளின் கல்விக்கு நிதி மறுக்கும் சட்டத்தை 1975இல் இயற்றியது. டைலர் நகரில் அவர்களிடம் ஆண்டுக்கு 1,000 டாலர் கட்டணம் கேட்கப்பட்டது. 1982இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லாததாக்கியது, அதுவும் 5க்கு 4 என்ற கணக்கில்.

எண்ணிக்கை பெருகினால் கொள்கை தானே மாறும் என்பது பாதி உண்மையே. வகுப்பறையில் இருப்போர் சிறுவர். பெற்றோரில் பலருக்குக் குடியுரிமை இல்லை. 1998இல் கலிபோர்னிய வாக்காளர்கள் இருமொழிக் கல்வியைப் பெருமளவு முடக்கினர். 2016இல்தான் மற்றொரு வாக்கெடுப்பு அத்தடையை நீக்கிற்று. இடைப்பட்ட 18 ஆண்டுகளில் ஒரு தலைமுறையின் பள்ளிப் பருவமே கழிந்துவிட்டது.

எட்ஜ்வுட் மக்கள் ஓயவில்லை. மாநில நீதிமன்றங்களில் போராடி, 1989இல் டெக்சாஸ் உச்ச நீதிமன்றத்தின் ஒருமனதான தீர்ப்பை வென்றனர். செல்வ மாவட்டங்களின் வரி வருவாயில் ஒரு பகுதியைப் பகிர 1993இல் சட்டம் வந்தது. அதற்கு ‘ராபின் ஹூட்’ எனப் பெயர் வழங்கலாயிற்று. ஏழைக் குழந்தைகளிடமிருந்து அதுகாறும் பறிக்கப்பட்டதற்கு எவரும் பெயர் சூட்டியதில்லை. அச்சட்டத்துக்குப் பின்னும், டெக்சாஸ் பள்ளிகளின் வருவாயில் பெரும்பங்கு உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்தே வருகிறது.