சந்தா நோட்டும் சக்கரை நோட்டும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



என்னை மசாலாப் பொடி யூனிட் பற்றித்தான் பேசச் சொன்னாங்க. அதைப் பற்றி என்னைவிட நல்லாப் பேசுறவங்க நாலு பேர் பின்னால இருக்காங்க. நான் மூணு வருஷத்துக்கு மேலா மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல தன்னார்வலரா வீடு வீடாப் போறேன். சக்கரை பார்க்கிற மெஷின், பிரஷர் பார்க்கிற மெஷின், மாத்திரை, ஒரு போன். இந்தப் பையில எது ரொம்பக் கனம்னு கேட்டா நான் போனைத்தான் சொல்வேன். ஏன்னு சொல்றதுக்குத்தான் இன்னைக்கு நேரம் கேட்டு வாங்கினேன்.

நம்ம மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1991, 92-ல அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டரா இருந்த ஷீலா ராணி சுங்கத் அம்மா காலத்துல, ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக்கிட்டாங்க. எங்க அம்மாவும் அதுல ஒருத்தங்க. விழுந்து முழங்கையில தழும்பு இருக்கு, இன்னும் காட்டுவாங்க. அன்னைக்குக் கையெழுத்துப் போடக் கத்துக்கிட்டோம். இன்னைக்கு மத்தவங்க உடம்பைப் பற்றி நாமளே எழுதுறோம். எழுதினதை யாரு படிக்கலாம் என்பதுதான் என் பேச்சு.

திட்டம் உங்களுக்குத் தெரிஞ்சதுதான். 2021 ஆகஸ்ட் 5-ந் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில முதலமைச்சர் தொடங்கி வைத்தார். எதுக்குத் தொடங்கினாங்க என்பதற்கு ஒரு கணக்கு இருக்கு. 2020-ல தமிழ்நாட்டில் எடுத்த ஆய்வில், சக்கரை இருக்கிறவங்களில் 100-க்கு 11 பேருக்குத்தான் அது கட்டுக்குள் இருந்தது. பிரஷர் இருக்கிறவங்களில் 100-க்கு 7 பேர். மாத்திரை இலவசமாகத்தான் கிடைத்தது. ஆனால் அதை வாங்க ஒரு நாள் கூலியை விடணும், பஸ் பிடிக்கணும். அதனால மாத்திரை வீட்டுக்கு வந்தது. மாத்திரையோட கூடவே இன்னொன்றும் வந்தது. நாங்க பார்க்கிற ஒவ்வொரு எண்ணும் மக்கள் நலப் பதிவேடு என்கிற செயலியில் ஏறுது. ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டர் அதைப் பார்க்கலாம்.

முன்னாடி எப்படி இருந்தது? மஞ்சப் பையில பழைய சீட்டு. அறந்தாங்கியில ஒரு டாக்டர் எழுதினது, திருச்சியில ஒருத்தர் எழுதினது, மழையில நனைஞ்சு எழுத்து ஊறிப்போனது. புது டாக்டர் முதல்ல இருந்து கேட்பார். நாமளும் "ஏதோ வெள்ளை மாத்திரை சார்" என்போம்.

எங்க ஊர்ல ஒரு பெரியம்மா. மாத்திரை ஒழுங்காப் போடுறேன்னு சத்தியம் பண்ணுவாங்க. மெஷின்ல வச்சா 300-க்கு மேல காட்டும். நானும் திட்டுவேன், நர்ஸ் அக்காவும் திட்டுவாங்க. ஒரு நாள் டாக்டர் அம்மா அவங்களோட ஒரு வருஷத்து எண்ணை வரிசையாத் திரையில விட்டுப் பார்த்தாங்க. சில மாசம் 160, 170. சில மாசம் 300. "இந்த மாசங்கள்ல என்ன நடக்குது?" என்று என்கிட்ட கேட்டாங்க. வீட்டுக்கு வந்து யோசிச்சப்பதான் பிடிபட்டுச்சு. ஏறின மாசமெல்லாம் நூறு நாள் வேலை நடந்த மாசம். காலையில நீராகாரம் குடிச்சிட்டு, மாத்திரையும் போட்டுட்டு மண் அள்ளப் போனா, பத்து மணிக்குக் கண்ணு இருட்டி, கை நடுங்கி, வேர்த்துக் கொட்டியிருக்கு. சக்கரை ரொம்பக் கீழ இறங்கினதோட அறிகுறி அது. பயந்துபோய் வேலை இருக்கிற நாள்ல மாத்திரையை முந்தானையில முடிஞ்சு வச்சுட்டாங்க. எங்ககிட்ட சொன்னா திட்டுவோமே! டாக்டர் அம்மா மாத்திரையை மாற்றி, போடுற நேரத்தையும் மாற்றிக் கொடுத்தாங்க. பெரியம்மா பொய் சொன்னதென்னவோ உண்மைதான். ஆனா ஒரு வருஷத்து எண் அந்தப் பொய்க்குள்ள இருந்த நியாயத்தைச் சொல்லிருச்சு.

இதுல நாம கவனமா இருக்க வேண்டியது ஒண்ணு. டீ குடிச்சிட்டு வந்தவங்களை 'வெறும் வயிறு'ன்னு போட்டா அந்த எண்ணால பிரயோஜனம் இல்லை. வீடு பூட்டியிருந்தா போன மாசத்து எண்ணையே திரும்பப் போடுறது அதைவிட மோசம். அந்த எண்ணை நம்பி ஒரு டாக்டர் மாத்திரையைக் கூட்டுவார். காலியா விடுங்க. காலியா இருக்கிற கட்டமும் ஒரு செய்தி சொல்லும்.

எப்படின்னு கேட்பீங்க. கீரமங்கலம் பக்கம் பூ எடுக்கிற ஊர்கள் உங்களுக்குத் தெரியும். அங்க ஒரு குடியிருப்புல பெண்கள் பேருக்கு நேரா 'வெறும் வயிறு' கட்டம் மாசக்கணக்கா காலியா இருந்தது. தன்னார்வலர் சரியில்லைன்னு முதல்ல பேச்சு வந்துச்சு. விசாரிச்சா, விடியறதுக்கு முன்னாடியே எல்லாரும் டீயைக் குடிச்சிட்டு மல்லிகை, முல்லை எடுக்கப் போயிடறாங்க. காலை ஏலத்துக்குப் பூ போய்ச் சேரணுமே! நாம போற ஏழு மணிக்கு வீட்டுல கிழவரும் கோழியும்தான். மூணு மாசத்துச் சராசரி காட்டுற எச்பிஏ1சி சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. அதை அந்த ஊருக்கு ஏற்பாடு பண்ணித் தரச் சொல்லி ஊராட்சிக் கூட்டமைப்பு மனு எழுதிச்சு. நாங்களும் போற நேரத்தைச் சாயங்காலத்துக்கு மாத்தினோம். ஒருத்தர் எண்ணைத் தனியாப் பார்த்திருந்தா இது தெரிஞ்சே இருக்காது. எல்லார் கட்டமும் சேர்ந்து காலியா இருந்ததாலதான் தெரிஞ்சது.

இனி நான் செஞ்ச தப்பைச் சொல்றேன். யாருன்னு தெரியாம இருக்க சில அடையாளங்களை மாற்றித்தான் சொல்றேன். சம்பந்தப்பட்ட தங்கச்சிகிட்ட அனுமதி வாங்கியிருக்கேன். அவ இங்க உட்கார்ந்திருக்காளா இல்லையான்னு யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நம்ம குழுக் கூட்டத்துல என்ன செய்வோம்? சந்தா வாசிப்போம், உள்கடன் வாசிப்போம், யாரு எத்தனை தவணை பாக்கின்னு பேர் சொல்லி வாசிப்போம். பேரேடு எல்லார் முன்னாடியும் திறந்துதான் இருக்கும். அந்தத் திறந்த நோட்டுதான் நம்மை இத்தனை வருஷம் காப்பாத்திச்சு. அந்தப் பழக்கத்துல ஒரு மாசம், கடன் வாசிச்சு முடிச்சதும், சக்கரை மாத்திரை ஒழுங்கா வாங்காதவங்க பேரையும் வாசிச்சேன். நல்லதுன்னு நினைச்சுத்தான். நாலு பேர் சொன்னா கேட்பாங்கன்னு.

அதுல ஒரு பேர், முப்பது வயசைத் தாண்டின ஒரு பொண்ணு. அவ தங்கச்சிக்கு வரன் பேசிக்கிட்டிருந்த நேரம். "அந்தக் குடும்பத்துல சின்ன வயசுலயே சக்கரையாம்" என்ற பேச்சு பத்து நாள்ல மாப்பிள்ளை வீட்டுக்குப் போயிருச்சு. வரன் தள்ளிப்போச்சு. அவ என்னைக் கண்டா கதவைச் சாத்துவா. மாத்திரையை நிறுத்திட்டா. ஏழு மாசம் கழிச்சு காய்ச்சலும் கால்ல ஆறாத புண்ணுமா ஆஸ்பத்திரிக்குப் போனப்ப சக்கரை 400-க்கு மேல. இன்சுலின் போட்டு, காலைக் காப்பாத்திட்டாங்க. ஒரு விரல் போச்சு.

நான் போய் அவ வீட்டுத் திண்ணையில உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் அவ பேசல. அப்புறம் சொன்னா: "அக்கா, கடனை வாசிங்க, அது நாம எல்லாரும் போட்ட காசு. என் உடம்பு நீங்க போட்ட காசா?"

என்கிட்ட பதில் இல்லை. இப்பவும் அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை.

அதுக்குப் பிறகுதான் நான் இதையெல்லாம் தேடிப் படிச்சேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையில டாக்டர் மோகன் அவர்களோட ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுக்க ஒரு ஆய்வு செஞ்சாங்க. 2008-ல ஆரம்பிச்சு 2020 வரைக்கும், ஒரு லட்சத்துப் பதிமூவாயிரம் பேர். முதல்ல எடுத்த மாநிலங்கள்ல நம்ம தமிழ்நாடும் ஒண்ணு. 2023 ஜூன்ல முடிவு வந்தது. நாட்டுல சுமார் 10 கோடி பேருக்குச் சக்கரை, 13 கோடிக்கு மேல் பேர் அதோட வாசல்ல நிக்கிறாங்க. தமிழ்நாட்டில் 100 பேருக்கு 14 பேர். இதைச் சொல்ல ஒரு லட்சம் பேர் ரத்தம் கொடுத்தாங்க. அதுல ஒருத்தர் பேராவது நமக்குத் தெரியுமா? சுவீடன் நாட்டுல 1996-ல இருந்தே நீரிழிவுக்குத் தேசியப் பதிவேடு வச்சிருக்காங்க. எந்த ஊர் ஆஸ்பத்திரியில சக்கரை நல்லாக் கட்டுப்படுதுன்னு ஒப்பிட்டுப் பார்த்துத் திருத்திக்கிறாங்க. அங்கேயும் ஒப்பிடுறது ஆஸ்பத்திரியைத்தான், ஆளை இல்லை.

ஆகவே என் கருத்து இதுதான். பேரோட இருக்கிற எண் அவங்களுக்கும், தன்னார்வலருக்கும், நர்ஸ், டாக்டருக்கும் மட்டும். பேரில்லாத எண் ஊருக்கு. எத்தனை பேருக்குப் பரிசோதனை ஆச்சு, எத்தனை பேர் மாத்திரை வாங்குறாங்க, எத்தனை பேருக்குக் கட்டுக்குள் இருக்கு, இந்த மூணையும் கூட்டமைப்புக் கட்டடத்துல போர்டுல எழுதலாம். அதுலயும் சின்னக் குடியிருப்பைத் தனியா எழுதாதீங்க. ஆறு வீடு இருக்கிற இடத்துல 'சக்கரை 1' என்று எழுதினா, பேரை எழுதின மாதிரிதான்.

வாட்ஸ்அப் குரூப்ல பட்டியலைப் போட்டோ எடுத்துப் போடுறது உடனே நிற்கணும். "அவசரமா ரிப்போர்ட் கேட்டாங்க" என்பீங்க. எனக்கும் கேட்டாங்க. தனியா அனுப்புங்க. கடன் கொடுக்க வர்ற ஏஜென்ட், இன்சூரன்ஸ்காரர் யார் கேட்டாலும் கிடையாது. 2023-ல எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கு. ஒருத்தர் விவரத்தை எதுக்கு எடுக்கிறோம்னு சொல்லி, சம்மதம் வாங்கி, அதுக்கு மட்டும் பயன்படுத்தணும் என்பது அதன் அடிப்படை. சட்டத்தை விடுங்க, வாசல்ல நின்னு "இதை டாக்டர் பார்ப்பாங்கம்மா, சரியா?" என்று கேட்க எவ்வளவு நேரம் ஆகும்?

இன்னொன்று. எண் எல்லாம் மேல போகுது, அந்த அம்மா கையில என்ன இருக்கு? ஒண்ணுமில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, எண், சாப்பிட்டு எவ்வளவு நேரம், என்ன மாத்திரை. திருப்பூருக்கு மகன் வீட்டுக்குப் போனாலும் கையோட போகும். பெரியம்மாவுக்கு நான் அப்படி ஒரு நோட்டுப் போட்டுக் கொடுத்தேன். இப்ப நான் எண்ணைச் சொன்னதும், "போன மாசத்தைவிட கூடவா, குறைவா?" என்று அவங்கதான் என்னைக் கேட்கிறாங்க. வேலைக்குப் போற நாளுக்கு நேரா ஒரு புள்ளி வைக்கிறாங்க.

எங்க போனுக்கு நெட் காசு, பழைய மெஷினுக்குப் பதில் புதுசு, இதெல்லாம் பற்றித் தனி மனு இருக்கு. மதியச் சாப்பாட்டை இதைச் சொல்லித் தாமதப்படுத்த மாட்டேன்.

நோய் விவரத்தைக் குழுக் கூட்டத்தில் பேர் சொல்லி வாசிப்பதில்லை, எந்த வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுவதில்லை, ஒவ்வொருவருக்கும் கையில் ஒரு நோட்டு என்று ஒரு தீர்மானம் எழுதிச் செயலாளர் அக்கா மேசையில் வச்சிருக்கேன். தீர்மானத்தில் ஒரு வரி அந்தத் தங்கச்சி சொல்லி எழுதினது. எந்த வரின்னு சொல்ல மாட்டேன். முதல் கையெழுத்து நான் போட்டுட்டேன். சாப்பிடப் போறதுக்கு முன்னாடி ஊராட்சி வாரியா வந்து போடுங்க.