பாற்கட்டியின் பதமும் பாலின் வகையும்



பாற்கட்டிகளுட் சில வெண்ணெய்போல் மென்மையானவை. சில கல்போற் கடினமானவை. இவ்வேறுபாட்டிற்கு முதன்மையான காரணங்கள் இரண்டு: ஒன்று பாலின் வகை, மற்றது திரண்ட பாலினின்று வடிக்கப்படும் நீரின் அளவு.

பசுப்பாலில் ஏறக்குறைய 4 சதவீதமும், எருமைப்பாலில் 7 சதவீதமும் கொழுப்பு உண்டு. ஆதலால் ஒரே அளவு பாலிலிருந்து, எருமைப்பாலிற் கிடைக்கும் கட்டியே அதிகம். இத்தாலியின் கம்பானியாப் பகுதியில் எருமைப்பாலினின்று மொசரெல்லா என்னும் பாற்கட்டி செய்யப்படுகின்றது. அதில் நீர் மிகுதியாக நிற்பதால் அது மெதுவானது. அந்நாட்டின் பார்மிஜானோ ரெஜ்ஜானோ பசுப்பாலினாலானது. குறைந்தது 12 மாதம் முதிர்விக்கப்படுவதால் அது உலர்ந்து இறுகியிருக்கும். கிரேக்க நாட்டின் ஃபெற்றா, செம்மறிப்பாலினின்றோ, அதனுடன் சிறிது வெள்ளாட்டுப்பால் கலந்தோ செய்யப்பட்டு, உப்புநீரில் வைக்கப்படுவது, எளிதில் உதிரும்.

நீர் குறைந்த கட்டி நெடுநாள் இருக்கும். நீர் மிகுந்தது விரைவிற் கெடும். ஆகவே, மென்கட்டி செய்ய விரும்புவோர் அதனை உடனுக்குடன் விற்கும் வழியை முன்னரே தேடிக்கொள்ளல் வேண்டும்.

இன்னொன்றை மறவாதீர்கள். காய்ச்சாத பாலினாற் புரூசெல்லா நோய் மனிதருக்குத் தொற்றக்கூடும். உறையிடுமுன் பாலை வெப்பமானி கொண்டு பார்த்து, 63 பாகை செல்சியசு வெப்பத்தில் 30 நிமிடம் வைத்திருந்து, பின்னர் ஆறவிடுங்கள். உங்கள் வீட்டாரும் வாங்கி உண்போரும் நலமாயிருப்பர்.